ஆனி மாதத்து நிழல்

என் வீட்டு மொட்டைமாடியில் எங்கே அறை கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்று சொல்ல சர்க்கார் யார் என்று நான் சண்டை பிடித்தேன். பாவம், எதிரே உட்கார்ந்திருந்தவர் சர்க்கார் இல்லை. பிளான் போட்டுக் கொடுக்கும் என்ஜினியர். என் மகன் வயதுதான் இருக்கும். நான் கத்தி முடிக்கும்வரை பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு அதே விஷயத்தை முதலிலிருந்து மறுபடி சொன்னார்.

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் வீட்டை சோலாருக்குத் தயாராகக் கட்ட வேண்டுமாம். சுடுதண்ணீர் சோலார் கட்டாயம். அது போக, பின்னால் எப்போதாவது கரண்டுக்கு சோலார் பலகை வைக்க மாடியில் ஒரு பங்கு இடத்தை வெறுமனே விட வேண்டும். அந்த இடத்தில் நிழல் விழக்கூடாது. மாடியிலிருந்து மீட்டர் போர்டு வரை சுவருக்குள் ஒரு காலிக் குழாய் இறக்கி வைக்க வேண்டும். பலகை இன்றைக்கே வைக்க வேண்டும் என்றில்லை, இடம் மட்டும் காத்திருந்தால் போதும். இதெல்லாம் வரைபடத்தில் இருந்தால்தான் கையெழுத்து விழும் என்றார்.

எனக்கு எரிச்சல் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அப்பா தர்மபுரிப் பக்கத்திலிருந்து மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்தவர். ஊரார் வீடு எழும்புகிற மனையில் தகரக் கொட்டகை போட்டு எங்களை வளர்த்தார். வீடு முடிந்ததும் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு அடுத்த மனைக்குப் போவோம். கல்யாணமான பிறகு வாடகை வீடுகள். நான் ஜாக்கெட் தைக்கிறவள். எந்த வீட்டுக்குப் போனாலும் என் மிஷினுக்குக் கிடைத்தது படுக்கையறையில் பீரோவுக்குப் பின்னால் உள்ள மூலைதான். பட்டப்பகலில் பல்பு போட்டுக்கொண்டு கறுப்புத் துணியில் கறுப்பு நூல் கோர்த்துப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும். அளவு கொடுக்க வருகிற பெண்கள், நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கும் என் வீட்டுக்காரரைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். அவர் விழித்துவிட்டால் அவருக்கும் கூச்சம், அவர்களுக்கும் கூச்சம்.

அதனால் இந்த சைட்டை, எங்கள் மனையை, வாங்கிய அன்றே முடிவு செய்துவிட்டேன். கீழே எப்படி வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும், மாடியில் தையலுக்கு ஓர் அறை. தெற்குப் பக்கம் பெரிய ஜன்னல். அந்தத் தெற்குப் பக்கத்தைத்தான் என்ஜினியர் பென்சிலால் கட்டம் போட்டு வெறுமையாக்கிவிட்டார். வீடு கிழக்குப் பார்த்தது. தெற்கிலிருந்து வடக்கே இருபத்தைந்து அடி மாடி. அதில் தெற்குப் பாதி சோலாருக்கு. நடுவில் தண்ணீர்த் தொட்டி. மிச்சம் வடக்கு ஓரத்தில் பத்தடி. அறை அங்கேதான் வரும் என்றார். தெற்கில் அறை கட்டினால் உங்கள் நிழல் உங்கள் சோலார் மேலேயே விழும் அம்மா, வடக்கில் கட்டினால் தொந்தரவே இல்லை என்றார். என் வீட்டுக்காரர் காலால் என் காலை மிதித்தார். சரி, கட்டித்தொலையுங்கள் என்றேன்.

வடக்கே எங்களை ஒட்டின வீட்டில் அனூர்ப் பக்கத்துக் குடும்பம். வீட்டுக்காரர் குண்டலுபேட்டையிலிருந்து மைசூர் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறவர். அவர் மனைவி, அந்த அம்மாள், என்னைவிட நான்கைந்து வயது இளையவள். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசுவாள். நான் ஒரு நாளில் பேசுவதை அவள் ஒரு மாதத்தில் பேசினால் அதிகம். எங்கள் பக்கம் மேடு, அவர்கள் பக்கம் பள்ளம், ஆகையால் எங்கள் மாடி அவர்கள் மாடியைவிட மூன்றடி உசரம். அவர்கள் வீடு கட்டியபோது சுடுதண்ணீர் சோலார் மட்டும்தான் கட்டாயமாக இருந்ததாம். அதை எங்கள் பக்கத்து ஓரத்தில், கண்ணாடிக் குழல்கள் தெற்குப் பார்க்க வைத்திருந்தார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கிற அளவு சந்து.

வடக்கு ஓரத்தில் அறை வருகிறது என்று தெரிந்ததும் அந்த அம்மாள் ஒரே ஒரு தடவை கேட்டாள், எங்க சோலாருக்கு நிழல் வருமாக்கா என்று. நியாயமான கேள்வி. நானும் சண்டைக்காரிதான், ஆனால் அநியாயக்காரி இல்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

பார்த்தோம். அதில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஆஷாட மாதம் பிறந்துவிட்டால் மைசூரில் யாரும் புது வேலை தொடமாட்டார்கள், அது முடிந்தால் எங்களுக்கு ஆடி. அதனால் எல்லோரையும் போல நாங்களும் அடித்துப் பிடித்து வைகாசிக் கடைசியில் மோல்டு போட்டுவிட்டோம். கான்கிரீட் கூரை போடுவதை இங்கே மோல்டு என்றுதான் சொல்வார்கள். ஆனி முதல் வாரம் கூரை மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்கிறது. மேஸ்திரி அறை வரப்போகும் மூலையில் பத்தடிச் சவுக்குக் கம்பை நிறுத்திப் பிடித்தார். காலை ஒன்பது மணிக்கு ஒரு தடவை, உச்சிப் பொழுதில் ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை. மழைக்காலம்தான், ஆனால் அன்றைக்கு வெயில் நன்றாக அடித்தது. மூன்று தடவையும் கம்பின் நிழல் தெற்கே எங்கள் மாடியிலேயே விழுந்தது. அவர்கள் பக்கம் ஒரு விரற்கடைகூடப் போகவில்லை. அந்த அம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அவர்கள் மாடியில் நின்று பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

"உன் வெயிலை நான் எடுக்கமாட்டேன் தங்கச்சி, இது என் வாக்கு" என்றேன். கணுக்கால் நனைய நின்றுகொண்டு பெரிய மனுஷி மாதிரி சொன்னேன்.

ஐப்பசியில் பால் காய்ச்சிக் குடிவந்தோம். கையில் காசு புரண்டதும் கார்த்திகையில் மாடி அறைக்குச் சுவர் எழுப்பினோம். தெற்கிலும் வடக்கிலும் ஜன்னல் சட்டம் வைத்தாகிவிட்டது. மார்கழியில் மோல்டு போடக்கூடாது, தை பிறக்கட்டும் என்றார் மேஸ்திரி. அதுவரை காலை ஆறு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் நான் மாடி ஏறி, சுவருக்குத் தண்ணீர் அடிப்பேன். கூரையில்லாத அந்த அறைக்குள் நின்று மிஷின் இங்கே, வெட்டும் மேஜை இங்கே, கண்ணாடி இங்கே என்று கையால் காட்டிக்கொள்வேன். பார்க்கிறவர்கள் பைத்தியம் என்றிருப்பார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த மார்கழியில்தான் பக்கத்து வீட்டு மகள் பிரசவமாகித் தாய்வீடு வந்திருந்தாள். பெண் குழந்தை. இங்கே பிள்ளை பெற்றவளை பாணந்தி என்பார்கள். மூன்று மாதம் அவளுக்கும் குழந்தைக்கும் தினமும் எண்ணெய் தேய்த்து, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுவார்கள். வீட்டில் மற்றவர்கள் குளிக்காவிட்டாலும் பரவாயில்லை, பாணந்திக்குத் தண்ணீர் குறையக்கூடாது.

ஒரு நாள் காலையில் என் வீடு முழுக்கப் புகை. எழுந்து பார்த்தால் பக்கத்து வீட்டுச் சந்தில் மூன்று கல் வைத்து, அண்டாவில் தண்ணீர் காய்கிறது. ஈர விறகும் தென்னை மட்டையும். மறுநாளும் புகை. அதற்கு மறுநாள், கல்யாண வீட்டுக்குக் கொடுக்கவேண்டிய பட்டு ஜாக்கெட் ஆறும் ஜன்னலோரம் தொங்குகிறது, அத்தனையிலும் புகை நாற்றம். எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. காம்பவுண்டுச் சுவரருகே போய் நின்று, சோலாரை மாடியில் வைத்துக்கொண்டு இந்தக் காலத்தில் யாராவது விறகு வைப்பார்களா, புதுப் பெயிண்ட் அடித்த சுவர் என்ன ஆகும், என் பிழைப்பு என்ன ஆகும் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அந்த அம்மாள் ஊதுகுழலைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது, புகையினால் என்று நினைத்தேன். நாளையிலிருந்து தள்ளி வைத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னாள். அடுத்த நாள் அண்டா வாசல் பக்கம் போய்விட்டது. பனியில், தெருவில் போகிறவர்கள் பார்க்க, அந்த அம்மாள் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு காபி குடித்தேன்.

அந்த வாரமே ஒரு நாள் சாயங்காலம் ஜாக்கெட்டுகளைக் கல்யாண வீட்டில் கொடுக்கப் போகவேண்டியிருந்தது. அதனால் மதியம் மூன்று மணிக்கே சுவருக்குத் தண்ணீர் அடிக்க ஏறினேன். கார்த்திகையிலிருந்து வெயில் நேரத்தில் நான் மாடிக்கு வந்தது அன்றுதான். குழாயைப் பிடித்துக்கொண்டு வடக்குச் சுவருக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். என் அறையின் நிழல் சந்தைத் தாண்டி, அவர்கள் மாடியில் ஏறி, சோலார் மேல் கறுப்புப் போர்வை மாதிரிக் கிடந்தது. என் வடக்கு ஜன்னல் ஓட்டை வழியாகப் போன வெயில் மட்டும் ஒரு சதுரமாகக் குழல்களுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் விழுந்திருந்தது.

எனக்கு முதலில் புரியவேயில்லை. கம்பு வைத்துப் பார்த்தோமே, மூன்று வேளை பார்த்தோமே என்றுதான் மனது திரும்பத் திரும்பச் சொன்னது. பிறகு அண்ணாந்து பார்த்தேன். சூரியன் தெற்கே எங்கேயோ சாய்ந்து போயிருந்தது. ஆனியில் நம் தலைக்கு வடக்கே நிற்கிற சூரியன் மார்கழியில் தெற்கே போய்விடுகிறது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், தை மாதம் பொங்கல் வைத்துக் கும்பிடுவதும் அது மறுபடி வடக்கே திரும்புகிறது என்றுதான். ஆனால் ஆஷாடத்துக்கு முன்னால் முடிக்கவேண்டும் என்ற அவசரத்தில் எனக்கும் தோன்றவில்லை, மேஸ்திரிக்கும் தோன்றவில்லை, அந்த அம்மாளுக்கும் தோன்றவில்லை. என்ஜினியரோ எங்கள் மாடியில் நிழல் விழாமல் பார்த்துக்கொண்டார். ரூலும் அவ்வளவுதான் கேட்டது.

உண்மையைச் சொல்கிறேன், நான் உடனே ஓடிப்போய் மன்னிப்புக் கேட்கவில்லை. குழாயை மூடிவிட்டு, திருடி மாதிரி சத்தமில்லாமல் படி இறங்கினேன். மறுநாள் காலை எங்கள் சோலாரில் குளித்தேன். தெற்கே வெட்டவெளியில் நாளெல்லாம் வெயில் குடித்த தண்ணீர், கொதித்தது. எந்த ரூலைத் திட்டினேனோ அந்த ரூல் எனக்குக் கொடுத்த வெயில். வாசலில் அவள் ஊதுகிற சத்தம் குளியலறை வரை கேட்டது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மாடி ஏறிப் பார்த்துவிட்டு, மாசி வந்தால் நிழல் தானாகத் திரும்பிவிடும், அதற்குள் அந்தப் பெண்ணும் புருஷன் வீட்டுக்குப் போய்விடுவாள், கொஞ்ச நாள் பொறு என்றார். மேஸ்திரியை வரவழைத்தேன். அவர் சட்டம் பேசினார். பிளான் பாஸான வீடு, விடவேண்டிய சந்து விட்டிருக்கிறோம், எவனும் கேட்க முடியாது என்றார். அவர்கள் சோலாரை நகர்த்திக்கொள்ளட்டும், செலவை நாம் கொடுப்போம் என்றார் வீட்டுக்காரர். நகர்த்த எங்கே இடம் இருக்கிறது? அவர்கள் மாடியில் மிச்சமெல்லாம் ஷீட் கூரை போட்டுக் காய்கறிக் கூடை அடுக்கியிருக்கிறார்கள், தண்ணீர் நிறைந்த டாங்கியை அந்த ஷீட் தாங்காது. அப்படியானால் வடக்குச் சுவரை ஆறடி உள்ளே தள்ளிக் கட்டலாம் என்றார் மேஸ்திரி. அளந்து பார்த்தோம். மிஷினுக்கு இடம் இருக்கும், எனக்கு இருக்காது. மூன்று பேரும் சிரித்தோம்.

இரண்டு நாள் இப்படிப் போயிற்று. அவ்வப்போது, மாசிவரைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அடுத்த மார்கழியில் என்ன செய்வாய் என்று உள்ளேயிருந்து ஒரு கேள்வி வரும். மூன்றாம் நாள் காலையில் எங்கள் குழாயில் ஒரு பக்கெட் சுடுதண்ணீர் பிடித்து எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பாணந்திக் குளியல் முடியும்வரை தினமும் நானே கொண்டுவந்து கொடுப்பது, அறை அறையாகவே இருப்பது, இதுதான் என் கணக்கு. நல்ல மனுஷியாகவும் இருக்கலாம், அறையும் நிற்கும்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அண்டாவை இன்னும் தள்ளி வைக்கச் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்து, கொள்ளிக்கட்டையைப் பின்னால் இழுத்தாள். நான் பக்கெட்டைக் கீழே வைத்து, நிழலைப் பார்த்துவிட்டேன் என்றேன். தெரியுமுங்கக்கா என்றாள். அவளுக்குக் கார்த்திகையிலேயே தெரிந்திருக்கிறது. சுவர் எழ எழத் தண்ணீர் ஆறிக்கொண்டே வந்திருக்கிறது. எனக்கு அப்போதும் கோபம்தான் வந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுருவேன்?" என்றேன்.

"சொல்லலாம்னுதானுங்கக்கா ரெண்டு நாள் உங்க கேட்டு வரைக்கும் வந்தேன். உள்ளார நீங்க யாரையோ சத்தம் போட்டுட்டு இருந்தீங்க. பச்சக் கொளந்தைய வெச்சுக்கிட்டு எதுக்குங்க ஒரு சண்டைன்னு திரும்பிட்டனுங்க." பிறகு என் முகத்தைப் பார்த்து, அவசரமாக, "நீங்க ஏமாத்துனீங்கன்னு நெனைக்கலீங்க. அன்னைக்கு நானுந்தானே பாத்தேன்" என்றாள்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. என் வாய்க்கு எல்லோரும் பயப்படுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கடைக்காரன், மேஸ்திரி, வாடகை வீட்டுக்காரர்கள், யாரும் என்னை ஏய்க்க முடியாது. ஆனால் ஒருத்தி என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதைவிட, மார்கழிப் பனியில் ஈர விறகை ஊதுவது சுலபம் என்று நினைத்திருக்கிறாள். அதற்காகவும் அவளைத்தான் திட்டியிருக்கிறேன். அங்கே நிற்க முடியவில்லை. பக்கெட்டை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மேஸ்திரிக்கு போன் போட்டு, சுவரை இறக்க ஆள் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். மார்கழியில் எப்படி அம்மா என்றார். கட்டுவதற்குத்தானே நாள் பார்க்கவேண்டும், இடிப்பதற்கு என்ன என்றேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்காரரும் மாடி ஏறினார். சிமெண்டுக் கல்லை உடையாமல் ஒவ்வொன்றாக இறக்கி, கைப்பிடிச் சுவர் உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஜன்னல் சட்டங்களைப் பெயர்த்துத் தோளில் வைத்துக்கொண்டு அவர்கள் கீழே இறங்கினபோது எனக்குத் தாங்கவில்லை. படியில் உட்கார்ந்து எல்லோர் முன்னாலும் அழுதேன். போகட்டும் என்று பெரிய மனதோடெல்லாம் கொடுக்கவில்லை. வயிறு எரிந்துகொண்டேதான் கொடுத்தேன்.

மூன்று நாள் கழித்துக் காலை பத்து மணிக்கு எங்கள் கேட்டு திறக்கிற சத்தம் கேட்டது. அந்த அம்மாள் நேராக உள்ளே வந்து, மிஷின் பக்கத்தில் நின்றாள். குளிப்பாட்ட வருகிற ஆயா இன்றைக்கு வரவில்லை, தண்ணீர் ஊற்ற ஆளில்லை என்றாள்.

"செத்த வர்றீங்களாக்கா?"

அவர்கள் குளியலறையில் அவள் மணையில் கால் நீட்டி உட்கார்ந்து, எண்ணெய் தேய்த்த குழந்தையைக் காலில் குப்புறப் போட்டுக்கொண்டாள். மகள் வாசலில் துண்டோடு நின்றாள். சூடு சரியா என்று அந்த அம்மாள் என்னைப் பார்க்கச் சொன்னாள். சோலார் குழாயைத் திறந்து பக்கெட்டுக்குள் கையை விட்டேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன், கை சிவந்துவிட்டது.

"கொதிக்குது தங்கச்சி, கொழந்தைக்கு ஆகாது" என்றேன். பச்சைத் தண்ணீர் இரண்டு சொம்பு விளாவி, மறுபடி கையை விட்டுப் பார்த்து, அவள் தலையாட்டியதும் ஊற்றினேன்.